கடை மாறினால் கடன் தீருமா?

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தாசேக் கெலுகோரில் நான் நடத்தும் வார இறுதிக் கணித வகுப்பில் படிவம் மூன்று மாணவி ஒருத்தி கை தூக்கினாள். பாடத்தில் சந்தேகம் என்று நினைத்தேன். "சார், அமெரிக்கா நமக்கு 25 விழுக்காடு வரி போடப் போகுதாமே. எங்கம்மா வேலை செய்யுற கம்பெனிய மூடிருவாங்களா?" என்று கேட்டாள்.

வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். ஒன்று பிறைக்கு, ஒன்று கூலிமுக்கு, ஒன்று பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசுக்கு. இரவு வேலை முடிந்தவர்களை இறக்கிவிட்டு, பகல் வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் பல வீடுகளில் உலை வைக்கிறார்கள்.

"அப்படியெல்லாம் ஒன்னும் ஆகாதும்மா" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பப் பார்த்தேன். பின்வரிசைப் பையன் ஒருவன் விடவில்லை. "அமெரிக்கா வேணாம்னா சீனாகிட்ட வித்துட்டுப் போலாமே சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால், அவன் சொன்னதைத்தான் பெரியவர்கள் பலரும் காப்பிக்கடையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் அன்று நான் முறையாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

நடந்தது என்ன?

2025 ஏப்ரல் 2ஆம் தேதி, அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் உலக நாடுகள் பலவற்றுக்கும் புதிய இறக்குமதி வரியை அறிவித்தார். மலேசியாவுக்கு 24 விழுக்காடு. ஒரு வாரத்தில் அது 90 நாள்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூலை 7ஆம் தேதி வந்த கடிதத்தில் 24 என்பது 25 ஆனது. ஆகஸ்டில் அது 19 ஆகக் குறைந்தது. அக்டோபர் 26ஆம் தேதி, ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்த டிரம்ப்பும் நம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமும் வர்த்தக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். அப்போது 19 விழுக்காடு நிலைத்தது. 1,711 வகைப் பொருள்களுக்கு விலக்கு கிடைத்தது. பினாங்கின் உயிர்நாடியான செமிகண்டக்டர் சில்லுகள் இந்த வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. ஆனால், அவற்றைப் பற்றி அமெரிக்கா 2025இல் தனி விசாரணை ஒன்றைத் தொடங்கியது.

அதே ஆண்டில் நாம் வேறு பக்கமும் கை நீட்டினோம். ஜனவரி 1ஆம் தேதி பிரிக்ஸ் அமைப்பின் பங்காளி நாடானோம். ஏப்ரலில், வரி அறிவிப்பு வந்து இரண்டே வாரத்தில், சீன அதிபர் ஸி ஜின்பிங் அரசுமுறைப் பயணமாகக் கோலாலம்பூர் வந்தார். அமெரிக்க ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டாவது நாள், அதே மாநாட்டில், ஆசியானும் சீனாவும் தங்கள் தடையற்ற வாணிப ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டன.

ஒரே வாரத்தில் இரண்டு வல்லரசுகளோடும் கைகுலுக்கியதைச் சிலர் சாமர்த்தியம் என்றார்கள், சிலர் தடுமாற்றம் என்றார்கள். அமெரிக்கா தன் பாதுகாப்பைக் காரணம் காட்டி வேறொரு நாட்டின் மீது வாணிபக் கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் ஒத்த நடவடிக்கை எடுக்க வேண்டிவருமா என்று அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி இங்கே பலத்த விவாதம் எழுந்தது. சீன வர்த்தக அமைச்சும் தன் கவலையை வெளிப்படையாகத் தெரிவித்தது. 2009ஆம் ஆண்டு முதல் மலேசியாவின் மிகப் பெரிய வாணிபப் பங்காளி சீனா. நாம் ஏற்றுமதி செய்யும் முதல் மூன்று சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. இருவரில் யார் முகம் சுளித்தாலும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மேலே சொன்ன வரி எண்கள் நாளையே மாறலாம். அதனால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாம் ஏன் அந்த எண்களுக்காக இப்படிக் காத்துக் கிடக்கிறோம் என்பதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

555 புத்தகம்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் கணக்குப் புத்தகம் நினைவிருக்கும். மளிகைக் கடையில் கடனாகச் சாமான் வாங்கினால் அதில்தான் குறிப்பார்கள். என் தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி. சம்பள நாளன்று பணம் கைக்கு வந்ததும் கடைக்குப் போய் அந்தப் புத்தகத்தில் உள்ளதைக் கட்டுவார். மீதி இருப்பது பத்து நாளைக்கு வரும். பிறகு மீண்டும் புத்தகம். கடைக்காரர் விலையை ஏற்றினாலும், நிறுவை குறைந்தாலும், வாய் திறக்க முடியாது.

ஒரு தடவை கோபத்தில் தாத்தா வேறு கடைக்கு மாறினார். புதிய கடைக்காரர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். மூன்றாவது மாதம் அங்கேயும் ஒரு 555 புத்தகம் நிரம்பியது. ஆறாவது மாதம் அங்கேயும் விலை ஏறியது.

பாட்டி வேறு வழி பார்த்தார். சீட்டுப் பணத்தில் ஒரு பசு வாங்கினார், பிறகு இன்னொன்று. மாலையில் புல் அறுத்துப் போட்டு, காலையில் பால் கறந்து, பக்கத்துக் கம்பத்துக்கும் டவுனுக்கும் கொடுத்தார். பால் காசு வரத் தொடங்கிய பிறகும் அரிசியும் பருப்பும் அதே கடையில்தான் வாங்கினோம். கடையை யாரும் விட்டுவிடவில்லை. ஆனால், கடைக்காரரோடு தாத்தா பேசும் தொனி மாறியது. "இந்த விலைக்கு வேணாம்" என்று சொல்ல அவரால் முடிந்தது.

நாடுகளின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நாம் அடிக்கடி கடை மாறியிருக்கிறோம். மாடு வாங்குவதில்தான் மெதுவாக இருந்திருக்கிறோம்.

நாம் கடை மாறிய கதைகள்

சுதந்திரத்துக்குப் பிறகும் நம் நாணயம் பிரிட்டிஷ் பவுண்டைச் சார்ந்தே இருந்தது. 1967 நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் மலேசியா தன் சொந்தப் புதிய வெள்ளியை வெளியிட்டிருந்தது. புதிய நோட்டின் மதிப்பு குறையவில்லை. ஆனால், புழக்கத்தில் இருந்த பழைய நோட்டுகள் பவுண்டோடு சேர்ந்து சரிந்தன. கையில் இருந்த பழைய ஒரு வெள்ளி, 85 காசு ஆனது. வங்கியில் கணக்கு இல்லாமல் பெட்டியிலும் பாய்க்கடியிலும் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்குத்தான் அடி. பினாங்கில் நவம்பர் 24ஆம் தேதி கடையடைப்பு தொடங்கியது. அது கலவரமாகி, உயிர்கள் போய், ஊரடங்கு வரை சென்றது. லண்டனில் எடுத்த ஒரு முடிவு பினாங்கின் தெருவில் இரத்தமாகச் சிந்தியது.

1981இல் மீண்டும் பிரிட்டனோடு உரசல். மார்கரெட் தாட்சர் அரசாங்கம் வெளிநாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை உயர்த்தியதில் நம் மாணவர்கள் பலர் பாதிக்கப்பட்டிருந்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் நம் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் ஒரே பாய்ச்சலில் கத்ரி தோட்ட நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. பிரிட்டிஷ்காரர்களின் தோட்டம் நம் கைக்கு வந்தது. அடுத்த மாதமே, "பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு" என்ற கொள்கையை அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தது. ஜப்பானிடம் கற்போம் என்றோம்.

ஜப்பானிடம் நிறையக் கற்றோம், மறுப்பதற்கில்லை. மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு 1985இல் முதல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. அதே ஆண்டு பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு யென்னின் மதிப்பு விறுவிறுவென ஏறியது. ஜப்பானிலிருந்து வந்த உதிரிப் பாகங்களின் விலையும், யென்னில் வாங்கிய கடனும் கூடவே ஏறின. கடை மாறியது, 555 புத்தகம் மாறவில்லை.

1998 செப்டம்பரில், ஆசிய நிதி நெருக்கடியின்போது, அனைத்துலக நிதி நிறுவனங்களின் ஆலோசனையை மறுத்து மலேசியா மூலதனக் கட்டுப்பாடு விதித்தது. துணிச்சலான முடிவு அது. ஆனால், அப்போதும் நம் ரிங்கிட்டை எதோடு கட்டினோம்? ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று டாலரோடுதான். அந்த முடிச்சு 2005 ஜூலை வரை அவிழவில்லை. மேற்கை எதிர்த்துப் பேசிய காலத்திலும் மேற்கின் நாணயமே நமக்கு நங்கூரம்.

வாங்குபவர் வல்லரசாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2019இல் நம் செம்பனை எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியா. காஷ்மீர் பற்றி நம் பிரதமர் கூறிய கருத்துகளால் உறவு கசந்தது. 2020 ஜனவரியில் சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. இங்கே ஆட்சி மாறிய பிறகு சில மாதங்களில் நிலைமை சீரடைந்தது. அந்தச் சில மாதங்களில் யாருக்கு நெருக்கடி அதிகம், வாங்குபவருக்கா, விற்பவருக்கா என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டணி மாறிய கதையும் உண்டு. அமெரிக்கா முன்னின்று நடத்திய டி.பி.பி. வாணிப ஒப்பந்தத்தில் 2016 பிப்ரவரியில் மலேசியா கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவே அதிலிருந்து வெளியேறிவிட்டது. அழைத்தவரே பந்தியை விட்டு எழுந்து போனார். மீதி இருந்த 11 நாடுகளும் அதைத் திருத்தி நடத்தின. அதில் நாம் இன்று உறுப்பினர்.

ஏன் சீனாவிடம் விற்றுவிட முடியாது?

இப்போது அந்தப் பின்வரிசைப் பையனுக்கு வருகிறேன். தம்பி, உன் அக்கா பாயான் லெப்பாசில் சோதிக்கும் ஒரு சில்லு எப்படிப் பயணம் போகிறது தெரியுமா? அதன் வடிவமைப்பு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்திருக்கலாம். அந்த வடிவமைப்பைச் செய்யும் மென்பொருளும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களுடையது. சிலிக்கான் தட்டின் மேல் அதைச் செதுக்கும் வேலை தைவானில். அதற்கான மிக நுட்பமான இயந்திரம் நெதர்லாந்திலிருந்து. பிறகு அது இங்கே வருகிறது. நாம் அதை வெட்டி, பொதிந்து, சோதித்து அனுப்புகிறோம். உலகில் நடக்கும் இந்தப் பொதிதல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அடுத்து அது சீனாவில் ஒரு கைப்பேசிக்குள்ளோ கணினிக்குள்ளோ பொருத்தப்படலாம். அந்தக் கைப்பேசி மீண்டும் அமெரிக்காவில் விற்பனைக்கு வரலாம்.

ஆக, சீனாவுக்கு நாம் அனுப்பும் சில்லின் கடைசி வாடிக்கையாளர் அமெரிக்கராக இருக்கலாம். அமெரிக்காவுக்குப் போகும் பொருளின் மூலப்பொருள் சீனாவிலிருந்து வந்திருக்கலாம். இது இரண்டு கடை இல்லை. ஒரே கடைக்கு இரண்டு வாசல். ஒரு வாசலை மூடினால் மறு வாசலிலும் கூட்டம் குறையும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சில்லு உன் அக்கா கையில் இருந்தாலும் அது அவள் கம்பெனியின் பொருளாகத்தான் இருக்கும். எங்கே விற்பது, எந்த ஆலையில் செய்வது, எதை மூடுவது என்ற முடிவை அந்தக் கம்பெனியின் தலைமையகம் எடுக்கும். மலேசிய அரசாங்கம் யாரோடு கைகுலுக்கினாலும் அந்த முடிவு எடுக்கும் அறையில் நமக்கு நாற்காலி இல்லை. நம் நாட்டு ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 விழுக்காடு மின், மின்னியல் பொருள்கள் என்பதால் இது சின்ன விஷயமும் இல்லை.

இதற்காக அந்தக் கம்பெனிகளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1786 முதல் தீர்வையற்ற துறைமுகமாக வாழ்ந்த பினாங்கு, 1960களின் இறுதியில் அந்தத் தகுதியை இழந்தபோது வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. அதே ஆண்டு, அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் ஆலை பினாங்குக்கு வந்தது. ஏ.எம்.டி., எச்.பி., நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியோன், போஷ் ஆகியவற்றோடு சேர்த்து அந்த முதல் எட்டு நிறுவனங்களை "எட்டு சாமுராய்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். தோட்டத்து லயத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்களின் சம்பளத்தில் எத்தனை தம்பிகள் படித்தார்கள் என்று நம் ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சார்ந்து வாழ்வது பாவம் இல்லை. ஒருவரை மட்டுமே சார்ந்து, அவருக்கு நம்மிடம் தேவை எதுவும் இல்லாத நிலைதான் ஆபத்து.

பால்மரம் சொன்ன பாடம்

இந்த ஆபத்தை நம் சமுதாயம் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறது. அப்போது நிலைமை தலைகீழ். அமெரிக்காதான் நம்மைச் சார்ந்திருந்தது.

1920களில் உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. அதில் பெரும்பங்கு மலாயா போன்ற பிரிட்டிஷ் காலனிகளிலிருந்து போனது. 1922இல் பிரிட்டன், ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியது. அமெரிக்கா கொதித்தது. கார் மன்னர் ஹென்ரி ஃபோர்டு சொந்த ரப்பருக்காகப் பிரேசில் காட்டில் 1928இல் ஃபோர்டுலாண்டியா என்ற தோட்டத்தையே உருவாக்கினார். மரங்களை நோய் தின்றது. 1945இல் அதைப் பிரேசில் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

1942இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியுமா? அமெரிக்க அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. போட்டி நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை இரகசியங்களைப் பகிர்ந்துகொண்டன. பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஆய்வகங்களில் இறங்கினர். 1941இல் 231 டன்னாக இருந்த பொதுப் பயன்பாட்டுச் செயற்கை ரப்பர் உற்பத்தி, 1945இல் மாதத்துக்கு 70,000 டன் ஆனது.

உலகின் மிகப் பணக்கார நாட்டுக்கே ஒரு பொருளில் சார்பைக் குறைக்க இருபது ஆண்டுத் தோல்வியும், ஒரு போரும், அறிவியலாளர் பட்டாளமும் தேவைப்பட்டன. அப்படியும் சார்பு முழுதாக ஒழியவில்லை. விமானத்துக்கும் லாரிக்கும் போடும் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர் வேண்டும்.

அமெரிக்கா வாங்கிய மாடு, அதன் வேதியியல் அறிவு. நம் பக்கம் என்ன நடந்தது? 1960களில் ரப்பர் விலை இறங்குமுகமானது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. மூன்று தலைமுறையாகப் பால்வெட்ட மட்டுமே தெரிந்த குடும்பங்கள், கையில் வேறு தொழில் இல்லாமல் டவுன் ஓரத்துக்கு வந்தன. அவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஒரே தொழில், ஒரே முதலாளி, ஒரே பொருள் என்று வாழ்க்கை கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதை தொழிற்சாலை வாசலில் இன்னொரு முறை நடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

நம் மாடு எது?

பினாங்கில் சில மாடுகள் ஏற்கெனவே கறக்கத் தொடங்கிவிட்டன. 1989இல் அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தனர். வெளிநாட்டு நிறுவனங்களில் வேலை கற்ற பொறியாளர்கள் வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கினர். 2000இல் பினாங்கில் பிறந்த விட்ரோக்ஸ், சில்லுகளையும் மின்சுற்றுப் பலகைகளையும் கேமரா கண்ணால் பரிசோதிக்கும் இயந்திரங்களைத் தயாரித்து உலகமெங்கும் விற்கிறது. பென்டாமாஸ்டர் தானியங்கி இயந்திரங்களைச் செய்கிறது. இத்தகைய நிறுவனங்களின் முடிவுகள் பினாங்கிலேயே எடுக்கப்படுகின்றன. வாங்குபவர் ஒரே நாட்டுக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை.

2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 25 பில்லியன் ரிங்கிட் ஆதரவோடு 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க இலக்கு வைத்துள்ளது. 2025 மார்ச்சில், சில்லு வடிவமைப்பில் உலகப் புகழ்பெற்ற ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் செலவிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. 10,000 பொறியாளர்களை உருவாக்குவது அதன் நோக்கம். இதிலும் கவனம் வேண்டும். ஆர்ம் நம்முடையதில்லை. அதுவும் ஒரு கடைதான். அங்கே கற்றுக்கொண்டு நாம் சொந்தமாக வடிவமைத்தால்தான் அது மாடாகும்.

"படிக்க வைத்தால் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்களே" என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மடங்கு மூன்று மடங்கு சம்பளம் கிடைக்கும்போது போகாதே என்று பிள்ளையைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. திறமைக்கு ஏற்ற சம்பளத்தை உள்நாட்டில் கொடுக்காமல் நாட்டுப்பற்றை மட்டும் நினைவூட்டினால் எடுபடாது. இது அரசாங்கமும் முதலாளிகளும் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. ஆயினும் ஒன்று உறுதி. திறமை உள்ளவனுக்குப் போகவும் தெரியும், திரும்பவும் தெரியும். திறமை இல்லாதவனுக்கு ஆலை மூடினால் போக இடமில்லை.

இளையோர் செய்யக்கூடியது

முதலாவது, பாடத் தேர்வு. படிவம் நான்குக்குப் போகிறவர்கள், கூடுதல் கணிதமும் இயற்பியலும் கடினம் என்று கேள்விப்பட்டதை வைத்தே ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு தவணை முயன்று பாருங்கள். எல்லாரும் பொறியாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் படித்து இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களை எந்த ஆலையும் கடைசியில்தான் அனுப்பும். ஓர் ஆலை மூடினாலும் அடுத்த ஆலை கூப்பிடும்.

இரண்டாவது, இன்றிரவே அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள்: அவர்கள் கையில் தினமும் வந்து போகும் பொருள் என்ன, அது எதற்குள் போகிறது, யார் வாங்குகிறார்கள்? பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். நம் வீட்டு அரிசி எந்தச் சங்கிலியில் தொங்குகிறது என்று தெரியாமல் செய்தியில் வரும் வரியைப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது, மொழி. மலாயும் ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். மாண்டரின் பேசத் தெரிந்தால் இன்னொரு வாசல் திறக்கும். தமிழை விட்டுக்கொடுத்து இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதை நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்து வந்தவர்கள் பலர் நிரூபித்திருக்கிறார்கள்.

நான்காவது, வீட்டுக்கு ஒரு வார்த்தை. கணவன், மனைவி, மூத்த பிள்ளை மூவரும் ஒரே ஆலையில் வேலை செய்யும் வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. பஸ் வசதி, பேச்சுத் துணை எல்லாம் சரிதான். ஆனால், ஒரே வாங்குபவரை நம்பும் நாட்டுக்கும் அந்த வீட்டுக்கும் வித்தியாசம் குறைவு. அடுத்த பிள்ளைக்காவது வேறு துறை பாருங்கள். கம்பெனி இலவசமாக நடத்தும் பயிற்சி வகுப்புக்கு, களைப்பாக இருந்தாலும், பெயர் கொடுங்கள்.

இதில் எதுவும் ஓராண்டில் பலன் தராது. பாட்டியின் முதல் பசு கன்று ஈன்று பால் தருவதற்குள் தாத்தா எத்தனையோ முறை அலுத்துக்கொண்டாராம். அரசாங்கம் கூட்டணிகளைப் பேசிச் சமாளிக்கட்டும், அது அதன் வேலை. இரண்டு யானைகளுக்கு நடுவே மிதிபடாமல் நடக்க அந்தப் பேச்சு வேண்டும். ஆனால், பேச்சுக்குப் பின்னால் நம்மிடம் பிறருக்குத் தேவையான ஏதாவது இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு எடை.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் கம்பெனியை மூடுவார்களா? அதை முடிவு செய்கிறவர்கள் நம் ஊரில் இல்லை, ஆகவே மூட மாட்டார்கள் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. மூடினாலும் உன் வீட்டில் உலை கொதிக்க வழி செய்யலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

வரும் ஜனவரியில் அவள் படிவம் நான்கு. பாடத் தேர்வுப் பாரத்தில் கூடுதல் கணிதத்துக்கு நேரே குறியிட்டிருக்கிறாள். "கஷ்டமான பாடத்த எடுத்துட்டு மார்க்கு குறைஞ்சா என்ன சார் பண்றது?" என்று அவள் அம்மாவுக்கு இன்னும் தயக்கம். புத்தாண்டிலிருந்து சனிக்கிழமை வகுப்பை அரை மணி நேரம் கூட்டியிருக்கிறேன்.